அரசு வெப்சைட் ஏன் இப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அரசு டெண்டர் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கல்யாணப் பந்தியில்கூட என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. "வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம் என்று போனால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நீங்களெல்லாம் அங்கே என்னதான்டா செய்கிறீர்கள்?" என்று சித்தப்பா ஆரம்பித்தால் பாயசம் வரும்வரை ஓயமாட்டார். ஒவ்வொரு பந்தியிலும் அதே பதிலைச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அரசாங்கத்திடம் நல்ல புரோகிராமர்களே இல்லையா?

இருக்கிறார்கள். மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம், எல்லோரும் என்ஐசி என்று சொல்வது, 1976-இல் தொடங்கியது. இன்ஃபோசிஸ் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு. ரயில்வே 1980-களின் நடுவிலேயே கணினி முன்பதிவைத் தொடங்கி, பிறகு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனியாக இருந்த ஐந்து அமைப்புகளையும் ஒன்றாகக் கோத்தது. அரக்கோணத்தில் நின்றுகொண்டு ஹவுராவிலிருந்து டெல்லிக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதனால்தான். 2021 ஏப்ரல் 28 அன்று 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தைத் திறந்தபோது கொஞ்ச நேரம் திணறியது உண்மை. ஆனால் அந்த ஒரே நாளில் 1.3 கோடிக்கு மேல் பதிவுகள் ஏறின. எந்தத் தனியார் தளமும் அதைச் சுலபமாகச் செய்துவிடாது.

ஆக, சமையல்கட்டில் ஆள் இருக்கிறது. பந்தியில் பரிமாறும் இடத்தில்தான் கோளாறு. நீங்கள் பார்க்கிற திரை, நிரப்புகிற படிவம், அழுத்துகிற பொத்தான், இவை எல்லாம் அந்தப் பந்தி. அதைக் கவனிக்க என்று தனியாக யாருக்கும் பொறுப்பு கொடுப்பதில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே?

வாங்கும் முறையில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மற்ற பதில்களில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

ஒரு துறைக்குப் புது இணையதளம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திட்ட அறிக்கை. அதற்கு நிர்வாக ஒப்புதல், நிதித் துறையின் ஒப்புதல். பிறகு டெண்டர் ஆவணம், அதன்மேல் சந்தேகம் கேட்க நிறுவனங்கள் கூடும் ப்ரீ-பிட் கூட்டம், தொழில்நுட்பக் கவர், விலைக் கவர், யார் குறைந்த விலை என்று பார்த்து ஒர்க் ஆர்டர். இதற்குள்ளேயே ஒன்றரை வருஷம் ஓடிவிடும். எந்த மொழியில் எழுத வேண்டும், எந்த டேட்டாபேஸ், எந்த சர்வர் என்பதெல்லாம் முதல் நாள் ஆவணத்திலேயே அச்சாகியிருக்கும். வேலை முடிந்து தளம் திறக்கும்போது அந்த ஆவணத்துக்கு மூன்று, நான்கு வயது. அதாவது தளம் பிறக்கும்போதே பழசு.

இதில் யாரும் தூங்கிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு படியும் ஒரு பழைய ஊழலுக்குப் போட்ட பூட்டு. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. தகுதியானவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்பது அதன் அடிப்படை. எல்-1 என்று தொழிலில் சொல்வோம். சிமென்ட் வாங்க அது நல்ல முறை. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கும் இன்னொரு மூட்டைக்கும் தர வித்தியாசத்தைச் சோதித்துச் சொல்லிவிடலாம். மென்பொருளில் அது முடியாது. பதினைந்து பேர் போட்டுச் செய்ய வேண்டிய வேலையை ஆறு பேரை வைத்துச் செய்வதாகக் கணக்குப் போட்டவர்தான் குறைந்த விலை சொல்வார். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், சில வகை வேலைகளில் தரத்துக்கு 30 சதவீதம்வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. ஆனால் எல்-1-ஐ விட்டுவிட்டு வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி, பின்னால் தணிக்கையில் வரும் கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் ஒருவர் எதற்கு அந்த வம்பு என்றுதான் நினைப்பார்.

ஓர் உதாரணம். நாங்கள் செய்த ஒரு படிவத்தில் மாவட்டப் பட்டியல் இருந்தது. டெண்டர் எழுதியபோது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து வந்தன. அடுத்த வருஷம் மயிலாடுதுறை. மொத்தம் 38. ஆறு பெயர்களைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் "32 மாவட்டங்கள்" என்று எண்ணோடு எழுதியிருந்தது. அதைத் தாண்டியது எதுவும் புது வேலை. புது வேலைக்கு 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்', அதற்கு விலை, விலைக்கு ஒப்புதல். கோப்பு மூன்று மேசை ஏறி இறங்கியது. அதுவரை தென்காசிக்காரர்கள் திருநெல்வேலி என்று போட்டு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டப் பட்டியலைத் துறையே மாற்றிக்கொள்ளும்படி முதலிலேயே எழுதியிருக்கலாமே என்றால், எழுதியிருக்கலாம்தான். அதற்கு இரண்டு நாள் வேலை கூடும், ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த இரண்டு நாள் இல்லை.

திறப்பு விழாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

ஒன்றும் நடப்பதில்லை என்பதுதான் பதில்.

தளத்தை உருவாக்கப் பணம் ஒதுக்குவார்கள். அதற்குத் தலைப்பு இருக்கிறது, விழா இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தித் திறந்து வைக்கும் புகைப்படம் இருக்கிறது. பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒரு சிறு தொகை வரும். அதில் 'இருப்பது விழாமல் பார்த்துக்கொள்' என்பதைத் தாண்டி எதுவும் எழுதியிருக்காது. வலை உலகில் சும்மா இருப்பதே தேய்மானம். 2020-இல் உலாவிகள், தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0, 1.1 பதிப்புகளைக் கைவிட்டன. யாரும் தொடாமலே பல பழைய தளங்கள் திறக்காமல் போயின. பூட்டுப் படத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழை முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு வாங்கிப் போட்டுவிடலாம். 2020 செப்டம்பரில் உச்ச வரம்பை 398 நாளாகக் குறைத்தார்கள். அதைப் புதுப்பிக்க வேண்டியது யார்? ஒப்பந்தம் முடிந்துபோன நிறுவனமா, மாற்றலாகிப் போன அதிகாரியா? சிவப்பு எச்சரிக்கைத் திரை வந்த பிறகுதான் அந்தக் கேள்வியே எழும்.

உத்திரமேரூர் கல்வெட்டை எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஏரி வாரியம் என்று ஒன்று. அதற்கு வருஷாவருஷம் ஆள் தேர்வு. ஏரி வெட்டியாயிற்றே, இனி எதற்கு வாரியம் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மண் வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கவும்" என்று ஏன் கேட்டார்கள்?

டெண்டர் போடுகிறவர்கள், ஆடிட்டர்கள், கம்பெனிச் செயலாளர்கள் இந்தத் துன்பத்தை நன்றாக அறிவார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு கொடுத்தது. அந்தக் கையொப்பம் ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். இணையப் பக்கம் தானாக அந்த டோக்கனைத் தொட முடியாது, அதனால் நடுவில் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரலையோ, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் நிரலையோ வைத்தார்கள். அன்றைக்கு அது சரியான தீர்வுதான். 2015 செப்டம்பரில் குரோம் அந்த வகைச் செருகுநிரல்களை முழுக்க நிறுத்தியது. 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டது. அரசுத் தளங்களால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை. அதனால் ஊரெங்கும் ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு பழைய கணினியை, அதில் பழைய ஜாவாவை, 'யாரும் அப்டேட் செய்யாதீர்கள்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே விடை கொடுத்தது. இப்போது பெரும்பாலும் கணினியில் தனியாக ஒரு சிறு மென்பொருளை நிறுவி அதன் வழியாகக் கையொப்பம் இடுகிறார்கள்.

இது இந்தியாவின் தனி நோய் இல்லை. தென் கொரியாவில் இணைய வேகம் உலகமே பொறாமைப்படும் அளவுக்கு இருந்தது. ஆனால் 1999-இல் வந்த மின்கையொப்பச் சட்டமும் ஆக்டிவ்எக்ஸும் சேர்ந்து வங்கி, வரி, கடை எல்லாவற்றையும் இருபது வருஷம் ஒரே உலாவியோடு கட்டிப்போட்டன. அந்தச் சான்றிதழின் தனி அந்தஸ்தை 2020 டிசம்பரில்தான் எடுத்தார்கள். சட்டத்துக்குள் ஒரு தொழில்நுட்பம் நுழைந்துவிட்டால் வெளியே எடுக்கவும் சட்டம்தான் வேண்டும்.

தமிழில் தேடினால் அரசாணை கிடைப்பதில்லையே, ஏன்?

ஏனென்றால் அது எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. இதன் கதை நம்முடையது, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் பொதுக் குறியாக்கமான யுனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. பாமினி, வானவில் என்று பெயர் சொன்னாலே டிடிபி செய்தவர்களுக்குக் கை பரபரக்கும். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-இல், கோவை செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யுனிகோடை அரசு முறையாக ஏற்றது. ஆணை வந்துவிட்டது, சரி. விரல்கள்? அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் தட்டச்சுப் பயிலகத்தில் பழைய தட்டச்சுப்பொறியில் ஹையர் பாஸ் பண்ணியவர். அவர் கணினியில் இருந்தது வானவில். அவருக்குக் கீழே இருபது வருஷக் கோப்புகளும் அதே எழுத்தில். ஆணை வந்த மறுநாளே மாறிவிட முடியாது.

பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். அதைத் தவிர்க்க ஊழியர்கள் கண்டுபிடித்த வழி, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப்பாக ஏற்றுவது. முத்திரையும் கையெழுத்தும் தெரிவதால் மேலதிகாரிக்கும் அதுவே நிம்மதி. விளைவு: கூகுள் படிக்காது, பார்வையற்றவரின் திரைபடிப்பான் படிக்காது, நீங்கள் ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. இப்போது புதிய ஆவணங்கள் பலவும் யுனிகோடில்தான் தயாராகின்றன. ஆனால் அவற்றையும் அச்செடுத்து ஸ்கேன் செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்தப் பக்கத்தின் மேலே எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறதே, அது யாருக்கு?

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இல் வந்தன, பிறகு இரண்டு முறை புதுப்பித்து, மூன்றாவது பதிப்பு 2023-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-உம் அணுகல்தன்மையைக் கட்டாயமாக்குகிறது. பொத்தான் அங்கிருந்து வந்தது. சோதனைப் பட்டியலில் ஒரு டிக். கீழே இருக்கும் அரசாணை ஸ்கேன் படமாக இருந்தால் அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதில் ஒரு எழுத்தும் பெரிதாகாது.

ஓடுகிற எழுத்து, மின்னுகிற 'புதிது', வரிசையாகப் படங்கள். இதை யார் விரும்புகிறார்கள்?

துறையின் உள்ளே இருப்பவர்கள். முகப்புப் பக்கம் அங்கே ஒரு வீட்டு வரவேற்பறை மாதிரி. ஒவ்வொரு பிரிவும் தன் லிங்க் அங்கே தெரிய வேண்டும் என்று கேட்கும். யாருடையதையும் எடுக்க முடியாது, எடுத்தால் மனவருத்தம். இடம் தீர்ந்துபோனால் மீதியை ஓடவிடுவார்கள். ஓடும் எழுத்துக்கான அந்த மார்க்வீ கட்டளையை வலைத் தரநிலைகள் எப்போதோ தள்ளிவைத்துவிட்டன. உலாவிகள்தான் இன்னும் இரக்கப்பட்டு ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லலாம். தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் தலைவர்கள், அமைச்சர்கள் படங்களைத் தளங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுகிறார்கள், உடனுக்குடன். டெண்டர் இல்லை, சேஞ்ச் ரிக்வெஸ்ட் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்குப் போன் வரும், பதினொன்றுக்கு வேலை முடிந்திருக்கும்.

பாதுகாப்புக்காகத்தான் பழையதையே வைத்திருக்கிறார்களா?

அப்படிச் சொல்வார்கள், பாதி உண்மை. அரசுத் தளத்தை ஏற்றுவதற்கு முன், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். நல்ல விதி. ஆனால் சான்று கிடைத்த பிறகு நிரலில் பெரிதாகக் கை வைத்தால் திரும்பவும் தணிக்கை, திரும்பவும் செலவு. அதனால் யாரும் கை வைப்பதில்லை. ஓட்டை உள்ள பழைய பதிப்பு சான்றிதழோடு உட்கார்ந்திருக்கும், ஓட்டை அடைத்த புதிய பதிப்பு சான்றிதழ் இல்லாமல் வெளியே நிற்கும். மவுஸின் வலது பொத்தானை முடக்குவது, கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுப்பது போன்றவற்றில் பாதுகாப்பும் இல்லை, உங்களுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்குச் சில இந்திய அரசுத் தளங்கள் திறப்பதே இல்லை. தளம் கெட்டுப்போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் தாக்குதலுக்குப் பயந்து வெளிநாட்டு முகவரிகளையே மொத்தமாக அடைத்திருப்பார்கள். அங்கேயிருந்து ஊரில் உள்ள நிலத்துக்குப் பட்டா பார்க்க நினைப்பவரும் அந்த அடைப்பில் மாட்டிக்கொள்கிறார்.

பாதிப் படிவத்தில் 'செஷன் எக்ஸ்பயர்ட்' என்று வந்துவிடுகிறதே?

நீங்கள் நிரப்புவது எல்லாம் கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை சர்வரின் தற்காலிக நினைவில்தான் இருக்கும். பத்து, பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தால் அதை அழித்துவிடும். ஆதார் அட்டையைத் தேடி பீரோவைக் குடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்தக் கூடாது என்பதும் இதே பழைய கட்டமைப்பால்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் வரைவைச் சேமித்து வைப்பது இன்று கஷ்டமே இல்லை. டெண்டரில் அந்த வரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரிசல்ட் நாளில் ஏன் படுத்துவிடுகிறது? தட்கலும் அப்படித்தானா?

வெளியே பார்க்க ஒன்று போலிருக்கும், உள்ளே இரண்டும் வேறு.

பிளஸ் டூ தேர்வை எழுதினவர்கள் ஏழெட்டு லட்சம் பேர். அம்மா, மாமா, டியூஷன் சார் என்று ஒவ்வொரு எண்ணையும் நான்கு பேர் தட்டுவார்கள், அதுவும் ஒரே பத்து நிமிஷத்தில். வருஷம் முழுக்கக் காலியாக இருக்கும் சாலையில் தேர் வந்த மாதிரி. அந்த ஒரு நாளுக்காக சர்வர் வாங்கி வைத்தால் மற்ற 364 நாளும் வீண், தணிக்கையில் அதுவும் கேள்வி. கிளவுடில் அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அரசுக் கணக்கில் பொருளாக வாங்குவதற்கு ஒரு தலைப்பு, மாதாமாதம் ஏறி இறங்கும் வாடகைக்கு வேறு தலைப்பு. 'இந்த மாதம் பில் எவ்வளவு வரும்?' என்ற கேள்விக்கு 'வந்தால் தெரியும்' என்று கோப்பில் எழுத முடியாது. நல்ல வேளை, இந்தப் பிரச்சினை தீரக்கூடியது. மதிப்பெண் மாறப்போவதில்லை, முன்கூட்டியே தனித்தனிப் பக்கமாகச் செய்து பல இடங்களில் வைத்துவிடலாம். பல தளங்கள், எஸ்எம்எஸ், டிஜிலாக்கர் என்று பிரித்து வெளியிடத் தொடங்கிய பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை.

தட்கல் அப்படி இல்லை. காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்பு. ஒரு சீட்டை இரண்டு பேருக்கு விற்கக் கூடாது என்பதால் ஒருவர் கேட்கும்போது அந்த இருப்பைப் பூட்டி, பார்த்து, கொடுத்து, திறக்க வேண்டும். லட்சம் பேர் நூறு பெர்த்துக்கு நின்றால் எந்தத் தொழில்நுட்பமும் 99,900 பேரை ஏமாற்றித்தான் அனுப்பும். ரயில் கூட்டினால்தான் உண்டு. ஐஆர்சிடிசியைத் திட்டுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்தியதில்லை.

பெரிய தனியார் கம்பெனியிடம் கொடுத்துவிட்டால்?

வருமான வரித் தளத்தைக் கொடுத்தார்களே. 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 4,242 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது, வேலை இன்ஃபோசிஸிடம். 2021 ஜூன் 7 அன்று புதுத் தளம் திறந்தது. இரண்டு மாதம் கழித்தும் கோளாறு தீராமல், நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதி அமைச்சர் அழைத்து விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. பிறகு தளம் படிப்படியாகச் சீரானது. அமெரிக்காவிலும் இதே கதை. ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. ஏகப்பட்ட ஒப்பந்தக்காரர்கள். முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர்.

பாஸ்போர்ட் சேவையும் தனியார்தான், டிசிஎஸ். அது பரவாயில்லை என்று பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே தளத்தைக் கட்டி ஒப்படைத்துவிட்டுப் போகும் ஒப்பந்தம் இல்லை. சேவையை வருஷக்கணக்கில் நடத்த வேண்டும், நடக்கும் சேவையின் அளவையும் தரத்தையும் வைத்துக் காசு. தளம் நின்றால் வரும்படியும் நிற்கும். யார் செய்கிறார்கள் என்பதைவிட எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைப் பாருங்கள்.

எங்கேயாவது நன்றாகச் செய்திருக்கிறார்களா?

பிரிட்டன். 2011-இல் அரசுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் குழுவை வைத்தார்கள். சொந்த ஆட்கள், மாதச் சம்பளம். 2012 அக்டோபரில் துறைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த தளங்களை ஒரே தளமாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி. அனிமேஷன் இல்லை, ஓடுவது இல்லை. பார்த்தால் 'என்ன, இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே' என்று தோன்றும். 2022-இல் ஜேக்வெரி என்ற பிரபலமான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பைத் தங்கள் பக்கங்களிலிருந்து நீக்கினார்கள். மெதுவான இணைப்பிலும் பழைய போனிலும் திறக்க வேண்டும் என்பதற்காக எடையைக் குறைத்தார்கள்.

அதனால்தான் 'நவீனத் தொழில்நுட்பம்' என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் பயம். நல்ல பழைய பக்கம் ஒன்று இருந்தது, அசிங்கமாக இருக்கும், ஆனால் இரண்டு விநாடியில் திறக்கும். அதை நவீனமாக்குகிறோம் என்று முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதி, நாலாயிரம் ரூபாய் போனில் அரை நிமிஷம் வெள்ளைத் திரை காட்டும்படி செய்த ஒரு வேலையில் நானும் இருந்தேன்.

இங்கே எதுவுமே மாறவில்லையா?

மாவட்ட இணையதளங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். என்ஐசியின் எஸ்3வாஸ் என்ற பொதுக் கட்டமைப்பில் செய்தவை. பார்க்க சுவாரஸ்யம் இல்லைதான். ஆனால் போனில் திறக்கும், பாதுகாப்பு ஓட்டையை ஓரிடத்தில் அடைத்தால் எல்லாவற்றிலும் அடைபடும். நிறுவனத்துக்கு நிறுவனம், மாவட்டத்துக்கு மாவட்டம் தனி டெண்டர் போட்டதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

என் பெயருக்கு சர்நேம் இல்லை, படிவம் விடமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

தமிழர்களின் தேசியப் பிரச்சினை. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவம் வரைந்தவர் ஊரில் சர்நேம் இல்லாத மனிதர் கிடையாது, அதனால் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டார். பான் விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் தங்கள் பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில்தான் எழுத வேண்டும், இனிஷியலை விரிக்க வேண்டும். இப்படித்தான் அப்பா பெயர் நமக்கு சர்நேம் ஆகிறது. ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி என்று ஆகி, இரண்டையும் இணைக்கப் போகும்போது பொருந்தவில்லை என்று வரும். புதிதாக எந்த ஆவணம் எடுத்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் எடுத்த அட்டையில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அதேபோலப் பிரித்துப் போடுங்கள்.

சாதாரண மனுஷன் என்ன செய்யலாம்?

கடைசித் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். விண்ணப்ப எண் திரையில் வந்த உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், எஸ்எம்எஸ் வரும் என்று நம்பி மூடாதீர்கள். பணம் போய் ரசீது வரவில்லை என்றால் உடனே இரண்டாம் முறை கட்டாமல் ஒரு நாள் பொறுங்கள். முடியவே இல்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போவதில் வெட்கம் இல்லை, நானே போயிருக்கிறேன்.

அப்புறம், ட்விட்டரில் திட்டுவதைவிட எழுத்தில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதல்வர் உதவி எண் 1100 இருக்கிறது. பத்து ரூபாய்க்குத் தகவல் அறியும் உரிமை மனு போட்டு, 'இந்தத் தளத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதிவரை, கடைசிப் பாதுகாப்புத் தணிக்கை எப்போது?' என்று கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவுக்கு எண் விழுந்தால் கோப்பு திறக்கும். கோப்பு இருந்தால்தான் உள்ளே இருக்கும் நல்ல அதிகாரிகூட செலவுக்குக் கையெழுத்துப் போட முடியும். மேலே சொன்ன அந்த மாவட்டப் பட்டியல் கடைசியில் நகர்ந்தது, ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் அனுப்பிய மூன்று வரி மனுவால். எந்தப் பக்கம், எந்தக் கட்டம், என்ன நாள் என்று எழுதி, திரையின் படத்தை இணைத்திருந்தார். எங்களுக்கு வந்த ஒர்க் ஆர்டரின் முதல் பக்கத்தில் 'பார்வை 1' என்று அந்த மனுவைத்தான் போட்டிருந்தார்கள்.